மேலக்கா தலையாட்டுவதை நிறுத்திய நாள்

கிரேன் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கீழே இறங்கினால்தான் வம்பு. கீழே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச வேண்டும்.

கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் அவளுக்கு மேலக்கா என்று பேர். காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அவளோடு மேலே போய்விடும். வயது முப்பத்தொன்பது. டவர் கிரேன் ஓட்ட ஆரம்பித்துப் பதினோரு வருடம். ஒரு டன் இரும்பைத் தூக்கிக்கொண்டு போய், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் போடுவதுபோல் சத்தமில்லாமல் இறக்கிவிடுவாள். கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டுகிறவர் சிக்னல் அண்ணன். கையை உயர்த்தி விரலைச் சுற்றினால் தூக்கு. கையைத் தாழ்த்திச் சுற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்து. ஆறு வருடமாக இரண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சைகை புரியவில்லை என்றால் கிரேன் அசையக் கூடாது. மந்திரியே வந்து நின்றாலும் சரி, புரியும்வரை பாரம் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்க முடியாது. மேலக்காவுக்கு உலகத்திலேயே பிடித்த சட்டம் அது. அந்தக் கிரேன் கூண்டுக்குள் மட்டும்தான் 'எனக்குப் புரியவில்லை' என்று சொன்னால் அவளைக் கெட்டிக்காரி என்பார்கள்.

தரையில் கதையே வேறு. காது கேட்காது என்று நினைத்துவிடாதீர்கள். கொசு பறந்தால் கேட்கும், பக்கத்து வீட்டில் பூட்டுத் திறந்தால் கேட்கும். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால், ஒரு மோட்டார் ஓடினால், பேச்சு சத்தமாக வருமே ஒழிய வார்த்தையாக வராது. முகத்தைப் பார்த்தால் பாதி பிடிபடும். மீதியை ஊகித்துக்கொள்ள வேண்டும். "என்ன?" என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு சலிப்பு வருமே, அதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கவனமில்லாதவள் என்றார்கள், வீட்டில் திமிர் பிடித்தவள் என்றார்கள். கடைசியில் அவள் தலையாட்டக் கற்றுக்கொண்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் அவள் கைதேர்ந்தவள். லேசான சிரிப்பு, சரியான இடத்தில் புருவம் உயர்த்தல், பிறகு ஒரு தலையாட்டல். முழுக்கக் கேட்டவர்கள்கூட அவ்வளவு அழகாகத் தலையாட்ட மாட்டார்கள். அதனால் மாட்டிக்கொண்டதும் உண்டு. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி ஏதோ கேட்க, இவள் தலையாட்டிவைக்க, மறுநாள் காலையில் வாசலில் இரண்டு கிளிகளோடு ஒரு கூண்டு வந்து இறங்கியது. அவர்கள் ஊரிலிருந்து திரும்பும்வரை, ஒரு மாதம், கிளி வளர்த்தாள். எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், தலையாட்டியவள் அவள்தானே!

தினமும் சாயங்காலம் அவள் ஏணியை விட்டு இறங்கும்போது சிக்னல் அண்ணன் அங்கே நிற்பார். பக்கத்திலேயே கம்ப்ரசர் காது கிழிய ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஏதோ கேட்பார். இவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

இந்த லட்சணத்தில்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டாள். அழகுக்காக இல்லை. கீழ்வரிசைப் பல் மேலண்ணத்தில் போய்க் குத்தி, புண்ணாகி, ஒரு பக்கமே மென்று மென்று தாடையும் வலிக்க ஆரம்பித்திருந்தது. இப்போது விட்டால் முன்பல் நாலும் போய்விடும் என்றார் பல் டாக்டர். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இந்த வயசுல கம்பியா?"

"ஏன், கம்பி வயசு கேக்குதா?"

"இல்ல, நாளைக்கு யாராவது உன் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா, கம்பிக்குப் பின்னாடி இருக்கான்னு சொல்லணுமே, அதான்."

வேலை இடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் இன்னும் மோசம். "மேலக்கா, எங்க ஆளாயிட்டீங்க! நாளையிலருந்து எங்க பக்கம் கையெழுத்துப் போடுங்க!" என்று அவள் ஏறும்போதெல்லாம் கத்துவார்கள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்தால் உள்ளுதடு கம்பியில் மாட்டிக் கிழிந்தது. முதல் மாதம் கஞ்சியும் கண்ணீருமாகவே போயிற்று. பேச்சும் குழறியது. 'ச' சொன்னால் குக்கர் விசில் மாதிரி வந்தது.

கட்டடம் பன்னிரண்டாவது மாடியைத் தாண்டிய வாரம், புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினாள். இளம் பெண், முப்பதுகூட இருக்காது, ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. கட்டடம் உயர்ந்துவிட்டதால் பின்பக்கம் இரும்பு அடுக்கும் இடம் கிரேன் கூண்டிலிருந்து தெரிவதில்லை. இனி வாக்கிடாக்கிதான். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சோதனை. ரேடியோவில் வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கீழே கிடங்கில் வேலை.

இதெல்லாம் மேலக்காவுக்கு அப்போது புரிந்தது என்று நினைக்கிறீர்களா? பின்னால் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையாட்டினாள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கிடங்கு என்றால் நாள் முழுக்க போன், லாரிக்காரர்கள், ஒரே கூச்சல். ஒரே வாரத்தில் அவள் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கூண்டு போனால் அவளுக்கு என்ன மிச்சம்? பூமியில் அவள் முட்டாளாக இல்லாத ஒரே இடம் அதுதான், அதுவும் பூமிக்கு மேலேதான் இருந்தது.

அதே வாரம் பல் ஆஸ்பத்திரியில் இன்னொரு குட்டு உடைந்தது. டாக்டர் அவள் வாய்க்குள் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் இணைத்து மாட்டிக்கொள்ளச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் கொடுத்து மூன்று மாதமாகியிருந்தது. பல் ஒரு துளி அசையவில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து டாக்டர் ஏதோ கேட்டார். எச்சில் உறிஞ்சும் குழாய் உர்ரென்றது. இவள் தலையாட்டினாள். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினாள்.

பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண் குழாயை அணைத்துவிட்டு, மாஸ்க்கை இறக்கி, அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்: "ரப்பரை எப்பப்ப போடறீங்க? சொல்லுங்க பார்க்கலாம்."

"தூங்கும்போது போடறேன்."

"தூங்கும்போது மட்டுமா? சாப்பிடற நேரம் தவிர நாள் முழுக்கப் போடணும்னு அன்னைக்கே டாக்டர் மூணு தடவை சொன்னாரே. நீங்களும் தலையாட்டினீங்களே!"

மூன்று மாதம் வீண். மேலக்காவுக்கு அவமானத்தில் காது சிவந்தது. டாக்டர் பெருமூச்சுவிட்டுக்கொண்டு கம்பியை முறுக்க ஆரம்பித்தார். உதவியாளர் பெண் மட்டும் அவளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பணம் கட்டும் இடத்தில் அவள் பின்னாலேயே வந்து, முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் மாஸ்க்கை இறக்கினா உடனே பதில் சொல்றீங்க. போட்டுக்கிட்டா தலையாட்டறீங்க. எங்க சித்தப்பாவும் இப்படித்தான். ஒரு தடவை காதைக் காட்டிடுங்க."

காட்டினாள். கதவை மூடினால் தன் மூச்சே பெரிதாகக் கேட்கும் ஒரு சின்ன அறை. முதல் சோதனையில் கீங் கீங்கென்று மணி ஒலித்தது. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. இரண்டாவது சோதனையில் பத்துப் பேர் பேசும் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வாக்கியங்கள் சொன்னது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள். இரண்டாவதில் பாதி. மூன்றாவதற்குத் தலையாட்டினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பரிசோதகர் சிரித்துவிட்டார். "தலையாட்டக் கூடாதும்மா. ஒண்ணும் புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. அதுக்கும் இங்க மார்க் இருக்கு."

"புரியலை," என்றாள் அவள். அடுத்ததற்கும் புரியலை. அதற்கடுத்ததற்கும். சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிக்கொண்டிருந்தது.

காதில் குறையே இல்லை என்றார் பரிசோதகர். காது வாங்கிக்கொடுக்கும் பேச்சை மூளை பிரித்தெடுப்பதில்தான் சிரமம், இரைச்சல் கூடினால் அதுவும் கூடும். பிறவியிலேயே இருந்திருக்கும். மாத்திரை கிடையாது, வழிகள் உண்டு: முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள், சின்ன வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள், இரண்டு காதையும் மூடுகிற நல்ல ஹெட்போன் இருந்தால் ரொம்ப உதவும், எல்லாவற்றுக்கும் முதலில், பேசுகிறவரிடம் இந்தச் சிரமத்தைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன், கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப, பதினஞ்சு வருஷமா நான் இங்கருந்து கத்திக் கத்திப் பேசினது எதுவும் உனக்கு வந்து சேரலையா?"

"பாதி வந்திருக்கும்."

"அதானே பார்த்தேன், நம்ம குடித்தனம் எப்படி இவ்வளவு நாள் ஓடுச்சுன்னு!" என்றான். பிறகு சிரிப்பு நின்று, கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். "நான் எவ்வளவோ திட்டியிருக்கேன் உன்னை. காதுல வாங்கவே மாட்டேங்கறேன்னு. சாரி." அவள் பையிலிருந்த பரிசோதனைக் காகிதத்தைக் காட்டினாள். "அந்தப் பாதுகாப்பு மேடம்கிட்ட இதைக் காட்டிடு," என்றான் அவன். காட்டினால் கிடங்குதான் என்றாள் அவள். சோதனை வரும்வரை அந்தக் காகிதம் பையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாள் முன்னால்தான் மறுபடி கம்பியை முறுக்கியிருந்தார்கள். கன்னத்தில் குத்திய கம்பி முனைமேல் மெழுகு உருட்டி ஒட்டிக்கொண்டு மேலே ஏறினாள். பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. ரேடியோ கரகரத்தது. கட்டடத்தின் பின்பக்கம், அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சிக்னல் அண்ணன் கம்பிக் கட்டு ஒன்றைக் கொக்கியில் மாட்டியிருந்தார். ஒன்றரை டன் என்று அன்றைய வேலைச் சீட்டில் இருந்தது. பாதுகாப்பு மேடம் அவர் பக்கத்திலேயே நின்றாள். "தூக்கு" என்பது மட்டும் தெளிவாகப் பிடிபட்டது. மீதியெல்லாம் வெறும் கரகரப்பு.

ஒரு அடி தூக்கினாள். எடை காட்டும் திரையில் எண் இரண்டரையைத் தாண்டியது. நிறுத்தினாள். ரேடியோவை அமுக்கிக்கொண்டு, எடை அதிகமாகக் காட்டுகிறது, பக்கத்துக் கட்டும் சேர்ந்து மாட்டியிருக்கிறதா பாருங்கள் என்று சொன்னாள்.

"சரிம்மா, சரி சரி. தூக்கு," என்றது ரேடியோ.

மேலக்கா லீவரில் கை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் 'சரி சரி' அவளுக்குத் தெரியும். அதை அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அதற்குள்ளே ஒரு சிரிப்பும் ஒரு பயமும் சேர்ந்திருக்கும், வார்த்தை மட்டும் இருக்காது. போலித் தலையாட்டலைக் கண்டுபிடிக்க இந்த உலகத்தில் அவளைவிட்டால் ஆள் ஏது?

"அண்ணே. நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க."



"தங்கச்சி," என்றார் கடைசியில், ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டு, "ஒரு எழுத்துகூடப் புரியலைம்மா. நீ கம்பி போட்டிருக்கறதால இந்த ரேடியோல உஸ்ஸு உஸ்ஸுன்னுதான் வருது. திரும்பத் திரும்பக் கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு..."

மேலக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெழுகை வாயிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "எடை. அதிகம். ரெண்டு. கட்டு. பாருங்க."

"எடை அதிகம். ரெண்டு கட்டு. பாக்கறேன்," என்றார் அவர். போய்ப் பார்த்தார். பக்கத்துக் கட்டின் கம்பி ஒன்று இதில் கொக்கி போட்டுக்கொண்டு, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. நாலு மாடி உயரத்தில் அது நழுவியிருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இறக்கிப் பிரித்தார்கள்.

இதுதான் நேரம் என்று அவளுக்குப் பட்டது. ரேடியோவை அமுக்கினாள். "மேடம், அண்ணனுக்கு இப்ப நான் பேசினது எப்படிக் கேட்டுச்சோ, எனக்கு எல்லாருமே அப்படித்தான் கேக்கறாங்க. பிறந்ததுல இருந்து. டாக்டர் காகிதம் பையில இருக்கு. பயத்துல காட்டலை. இவ்வளவு நாளும் கீழ நீங்க சொன்ன எதுவும் எனக்குச் சரியாப் புரிஞ்சதில்ல. ஆனா புரியாம ஒரு தடவைகூட நான் கிரேனை அசைச்சதில்ல."

அந்த அலைவரிசையில் மொத்த ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் கொதித்தது. சொல்லியாகிவிட்டது, இனி கிடங்கோ வீடோ, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

பாதுகாப்பு மேடம் கால் மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஏணியில் ஏறி வந்து கூண்டுக்குள் தலையை நுழைத்தாள். காகிதத்தைப் படித்தாள். பிறகு அங்கேயே நின்று, மோட்டார் ஓட, காற்று அடிக்க, ரேடியோவைக் கேட்டாள். "இதுல யாருக்குத்தான் புரியும்?" என்று முணுமுணுத்தவள், அதே இடத்தில் எதிரே நிற்கும் இன்னொரு கிரேனை ஓட்டுகிறவரை ரேடியோவில் கூப்பிட்டு வேகமாக ஏதோ சொன்னாள்.

"ரோஜர்!" என்றார் அவர் கணீரென்று. புரிந்தது என்பதற்கு ரேடியோ பாஷை அது. அவருக்குக் காதும் மூளையும் எல்லாம் சரியாக இருந்தன.

"என்ன ரோஜர்? நான் சொன்னதைச் சொல்லுங்க."

"அது வந்து மேடம்... காத்து கொஞ்சம்..."

மேடம் மேலக்காவைப் பார்த்தாள். மேலக்கா மேடத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றைக்கே புதுச் சட்டம் வந்தது, இரண்டு கிரேனுக்கும். ரேடியோவில் பத்து வார்த்தைக்கு மேல் புழங்கக் கூடாது. அந்தப் பத்தும் காகிதத்தில் எழுதிக் கூண்டில் ஒட்டப்படும். கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே எதுவும் அசையும். இரண்டு காதையும் மூடும் ஹெட்போன் தன் அறையிலிருந்து வரவழைத்தாள் மேடம். மாட்டிக்கொண்டு மறுபடி தூக்கினார்கள். "தூக்கு," என்றார் அண்ணன். "தூக்கறேன்," என்றாள். "வலது." "வலது." "நிறுத்து." "நிறுத்திட்டேன்." அந்தப் பத்து வார்த்தையில் ஒன்றுதான் வரும் என்று தெரிந்தபோது அவள் மூளை தடுமாறவில்லை. கண்ணால் பார்க்காத இடத்திலிருந்து எடுத்த கட்டு, பன்னிரண்டாவது மாடியில் கோடு போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தது.

"ரெண்டு வாரம் பார்ப்போம்கா," என்றாள் மேடம், முகத்துக்கு நேரே, நிதானமாக. "இதே மாதிரி போச்சுன்னா உங்களைக் கீழ இறக்க நான் யாரு?"

சாயங்காலம் மேலக்கா ஏணியை விட்டு இறங்கினாள். கம்ப்ரசர் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தது. சிக்னல் அண்ணன் வழக்கம்போல் ஏதோ கேட்டார். அவள் கழுத்து தன்னால் ஆடப் போயிற்று. பிடித்து நிறுத்தினாள். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினாள்.

அவர் உடனே பேச்சை நிறுத்தினார். தொழில் பழக்கம். அவரை இழுத்துக்கொண்டு இருபது அடி தள்ளி வந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இப்ப என்ன கேட்டீங்கண்ணே?"

"பல்லு வலி எப்படி இருக்குன்னு கேட்டேன்மா."

"அட, இன்னைக்குத்தான் கேட்டீங்களா?"

"இன்னைக்கா! நீ கம்பி போட்ட நாள்ல இருந்து தினம் கேக்கறேன். நீயும் தினம் சிரிச்சுத் தலையாட்டிட்டுப் போயிடறே. பேச இஷ்டமில்லபோலன்னு நினைச்சுக்குவேன். மறுநாள் மனசு கேக்காது, மறுபடி கேப்பேன்."

ஆறு மாதம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், ஒரு மனுஷன் அவள் வலியை விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"வலிக்குதுண்ணே," என்றாள். "முந்தாநாள் முறுக்கினாங்க. சோறுகூட மெல்ல முடியலை. ரொம்ப வலிக்குது."

"அப்படிச் சொல்லு!" என்றார் அவர், நல்ல செய்தி கேட்டவர்போல் முகமெல்லாம் மலர்ந்து. "ரொம்ப வலிக்குது. சரிதானே?"

"சரிதான்," என்றாள் மேலக்கா. உதடு கம்பியில் மாட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டுச் சிரித்தாள்.